பதினோரு நொடி

பள்ளத்தூர் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த அன்று
டார்ச், விசில், தொப்பி,
மூன்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள்.
மூங்கில் தடி கதவு மூலையில் ஏற்கனவே இருந்தது.
அதை யாரும் எழுதவில்லை.

கல்யாணம் முடிந்த ராத்திரி
பின்கட்டு வழியாக ஒருத்தன் குண்டானோடு வந்தான்.
நில் என்றேன், நின்றான்.
திற என்றேன்.
"எங்க காண்ட்ராக்டர் குண்டான்ணே" என்றபடி
என் தோளில் கை வைத்தான்.
தள்ளவா, சமாதானம் சொல்லவா,
இன்றைக்கும் தெரியாது.

"எத்தனை அடி?" வக்கீல் மங்களேஸ்வரி கேட்டார்.
"ரெண்டு."
"கேமராவில் மூணு இருக்கு."
மூன்றாவதை அவர் செல்போனில்தான்
முதன்முதலாகப் பார்த்தேன்.
பதினோரு நொடி. சத்தம் கிடையாது.
ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து கிடப்பவன் மேல்
என் சட்டையைப் போட்ட ஒருவன் குனிகிறான்.

"முதல் அடி தற்காப்பு. வாதாடலாம்.
ரெண்டாவதை இழுத்துப் பிடிச்சுப் பாக்கலாம்.
கீழே விழுந்தவனை அடிச்சதுக்கு
நான் எந்தப் பிரிவைத் தேட?"

மதுரை ஏஜென்சி பதில் மனுப் போட்டது:
முறையான பயிற்சி தந்திருக்கிறோம்.
அரை நாள் பயிற்சி.
அங்கே அடிக்கக் கற்றது சல்யூட் மட்டும்.

பங்களாக்காரர் சென்னையிலிருந்து போட்டது:
அவர் எங்கள் ஊழியரே அல்ல,
ஒப்பந்தம் நான்காம் பக்கம் காண்க.
நான் எந்தப் பக்கத்தையும் கண்டதில்லை.
அன்று சாயங்காலம் வந்த அவர் குரலைக் கேட்டிருக்கிறேன்:
"வெள்ளிச் சாமான் கிடக்குது, வேலு.
எவனாச்சும் சிக்குனா ரெண்டு சாத்து சாத்து,
மத்ததை நான் பாத்துக்கறேன்."
விடிந்து பார்த்தால் அந்த இடத்தில்
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.'

ரெண்டு என்றுதான் சொன்னார்.

குண்டானுக்குள் இருந்தது கவுனி அரிசி, ஆறிப்போய்.

தேவகோட்டைக் கோர்ட்டு வராந்தாவில்
அமலதாஸ் இடது கையால் கையெழுத்துப் போட்டான்.
வலது பெருவிரல் இன்னும் மடங்கவில்லை.
பந்தி பரிமாறிய பழக்கமோ என்னவோ,
என்னைப் பார்த்ததும்
"சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அவனிடம் பேசக்கூடாதென்று வக்கீல் சொல்லியிருந்தார்.
சாப்பிட்டிருக்கவும் இல்லை.

உள்ளே மேசை மேல் தடி.
கழுத்தில் நூல் கட்டி அட்டை: சா.பொ. 1.
இப்போதுதான் அதற்கு ஒரு கணக்கு.
மூன்று வக்கீல்களும்
தங்களுடையது இல்லை என்பதுபோல் பார்த்தார்கள்.
யார் கொடுத்தது என்று கேட்பார்களென
ராத்திரியெல்லாம் ஒரு பதிலை ஒத்திகை பார்த்திருந்தேன்.
பிடித்தது யார் என்றார்கள்.
கையைத் தூக்கினேன்.