பண்டில் சீட்டு

பார்வையாளர் மாடத்துக்குப் பேனா ஆகாதாம்.
பையோடு வாங்கி வைத்து
ஒரு டோக்கன் தந்தார்கள், எண் 46.
ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார்.
கார்மெண்ட்ஸ் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி வரைவு
எங்கே நிற்கிறது?
பீன்யா டீக்கடையில் நானும் நீலவ்வாவும்
ஏழு தடவை அடித்து எழுதிய கேள்வி.
அதில் இரண்டு வரியை அவர் விழுங்கிவிட்டார்.

அமைச்சர் தாளிலிருந்து தலை தூக்கவில்லை.
“பரிசீலனெயல்லிதெ.”
தக்காளி விலைக்கும் பஸ் நம்பருக்கும் அடுத்து
எனக்கு நன்றாகத் தெரிந்த கன்னடம் அதுதான்.
பரிசீலனையில் இருக்கிறது.
மேசையைத் தட்டினார்கள்.
அடுத்த கேள்வி, ஏதோ ஏரி.

எங்கள் லைனில் ஒரு காலர் கோணினால்
பண்டில் சீட்டைப் புரட்டுவார்கள்:
ஆபரேட்டர் 212, மதியம் மூன்றேகால்.
சீட்டில்லாமல் ஒரு பொத்தான்கூட நகராது.

இந்த வாக்கியத்தை
எந்த மேசையில், எத்தனை மாதமாய்,
யார் பரிசீலிக்கிறார்?
புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
தையல் இருக்கிறது,
தைத்த ஆள் இல்லை.

வாசலில் டோக்கனைக் கொடுத்துப்
பேனாவை மீட்டேன்.
மெட்ரோவில் நிற்கத்தான் இடம்.
நீலவ்வா போனில், “ஏனந்த்ரு?”
“ஆல்டர் பீஸ்” என்றேன்.
பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தத்தில்
அவள் சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.

அனுமதிச் சீட்டின் பின்பக்கம்
கம்பியில் சாய்ந்தபடி எழுதினேன்:
யார்? எந்த மேசை? என்ன தேதி??
ரயில் குலுங்கி
ஒரு கேள்விக்குறி கூடுதலாய் விழுந்துவிட்டது.
இருக்கட்டும்.