தன்மை ஒருமை

மார்க்கம் வீதியில், பற்றீஸ் கடைக்கு மேல்மாடி.
சட்டத்தரணி டெலூக்காவுக்கும் நிரஞ்சலாவுக்கும் நடுவில்
சுழல்கதிரை ஒன்று எனக்கு.

மொழிபெயர்ப்பவருக்கு முதல் விதி:
அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்று சொல்.
‘அவ சொல்கிறா’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.
ஆகவே மீசையும்
பனிச்சப்பாத்தில் உப்புக்கறையுமாக
நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன்:
என் கணவர் பகீரதன்.
எனக்கு இரண்டு பிள்ளைகள்.
அவரோடு நான் கதைத்து எட்டு மாதம்.

பிரிந்த திகதி எது என்கிறார் சட்டத்தரணி.
படிவத்தில் அதற்கு ஒரேயொரு பெட்டி.
நிரஞ்சலா யன்னலைப் பார்க்கிறா.
“அது ஒரு நாளிலையோ நடந்தது?”
அதே இழுவையோடு சொல்கிறேன்.
வீட்டின் விலை, கடன், சேமிப்பு
எல்லாம் அந்த ஒரு நாளில் வைத்துத்தான் எண்ணப்படுமாம்.
நாள் வேண்டுமாம்.

“அப்ப, பால் பிரிச்ச நாளை எழுதுங்கோ.
யூன் பதினொண்டு.
குளிர்ப்பெட்டிக்குள்ளை ரெண்டு சாடி.
அவர் தன்ரை பால் பையிலை
மார்க்கராலை பேர் எழுதி வைச்சார்.”
இந்த ஊரில் பால் பையில் வரும் என்பதை
டெலூக்காவுக்கு விளக்கத் தேவையில்லை.
குறித்துக்கொண்டார்.

இன்னும் ஒரே வீட்டிலா?
ஒரே வீடு. நான் மேலே, அவர் பேஸ்மென்றில்.
சமையல்? எனக்கும் பிள்ளைகளுக்கும்.
உடுப்புத் தோய்ப்பது? அவரவர்.
ஒன்றாக எங்காவது போனீர்களா?
“ஒரு கலியாணத்துக்குப் போனனாங்கள்.
காசு வைச்ச உறையிலை ரெண்டு பேற்றை பேரும்.
படத்திலையும் நிண்டனாங்கள்.
உது கணக்கோ?”

ஒரே கூரையின் கீழும் பிரிந்து வாழலாம்,
சட்டம் ஒப்புக்கொள்ளும் என்றார்.
அந்த வசனத்தை மூன்று விதமாகத்
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
மூன்றுக்கும் தலையாட்டினா,
தான் இருந்த ஒழுங்கையின் பெயரை
யாரோ சொல்லக் கேட்டதுபோல.

பிறகு குரலைத் தாழ்த்தி,
“இதைச் சொல்லாதேங்கோ, தம்பி.”
எதையும் விடக்கூடாது என்பது அடுத்த விதி.
இதைச் சொல்லாதேங்கோ என்பதையும் சொன்னேன்.
டெலூக்கா பேனையை வைத்தார்.

“தை மாசம் ஃபேர்னஸ் பழுதாப்போச்சு.
மைனஸ் இருபத்தாறு.
திருத்த ஆள் வர விடிஞ்சிட்டுது.
நாலு பேரும் ஒரு அறைக்குள்ளை
ஒரு போர்வைக்குள்ளை படுத்தனாங்கள்.
அந்த ஒரு வருசத்தை இனி
முதல்லை இருந்தோ எண்ணவேணும்?”

சேர்ந்து வாழும் நோக்கம் இருந்ததா?
நோக்கம். நான் தேடிக் கொடுத்த சொல்.
வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தா.
“குளிர்” என்றா.
குளிர் என்றேன் நானும்.
இல்லை, எண்ணிக்கை தொடரும் என்றார் டெலூக்கா.
சேர்ந்து பார்க்க முயன்றால்கூடத்
தொண்ணூறு நாள் வரை சட்டம் பொறுக்குமாம்.
ஓர் இரவுக்கு அது நிமிர்ந்தும் பார்க்காதாம்.
நிரஞ்சலாவுக்கு அது ஆறுதலா, வேறெதுவுமா,
தெரியவில்லை.
முகத்தை மொழிபெயர்க்க எனக்குக் காசு தருவதில்லை.

தாலிக்கொடி பதினொரு பவுண்,
வங்கிப் பெட்டகத்தில். திறப்பு அவரிடம்.
சீட்டு என்றால் என்னவென்று விளக்கவே
பத்து நிமிடம் போயிற்று,
மணிக்கு நானூறு டொலர் ஓடுகிற அறையில்.
மூத்தவனுக்குப் பதினைந்து வயது;
அவன் விருப்பத்தையும் கேட்கக்கூடும்.
“அவனட்டைக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.
அவன் ரெண்டு பேருக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவான்.”

என் தாளில் கையொப்பம் வாங்கிப் படியிறங்கினேன்.
கார்த் தரிப்பிடத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டா.
“தம்பி, இண்டைக்குக் காலமை
சின்னவளின்ரை சீரியலுக்கு அவசரத்திலை
அவர் பேர் எழுதின பையை வெட்டிப்போட்டன்.
உதை மேலை சொல்லியிருக்கவேணுமோ?”

ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
“எனக்குத் தெரியாது அக்கா” என்றேன்.
அன்று காலையிலிருந்து
என்னைப் பற்றி நான் சொன்ன முதல் வசனம்.

எதிரே கடையில் பால் இருந்தது.
போனா. வெறுங்கையோடு வந்தா.
மூன்று பை சேர்ந்த பொதிதான் உண்டாம்.
ஒன்றைத் தனியாகப் பிரித்துத் தரமாட்டார்களாம்.