கை மாறிய ரம்பம்

கராஜில் கார் நிற்கட்டும் என்றான் ஓரின்.
சாக்கட்டியால் தரையில் கோடு போட்டேன்:
அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் நான்.
என் பங்கில் இருநூற்று முப்பது கிலோ வார்ப்பிரும்பு
உட்கார வேண்டும்.
பலகையை உள்ளே தள்ள எட்டடி,
வெளியே வாங்க எட்டடி.
கணக்கு உதைத்தது.
கராஜ் கதவைத் திறந்துவைத்தால் சரியாகும்.
டுலூத்தில். பிப்ரவரியில்.

மூன்று மாதமாக இதே படிப்பு:
மூன்று குதிரைத்திறனா, ஐந்தா.
கடையில் ஒரு பையன் ஓடும் பிளேடில்
சாசேஜை வைத்துக் காட்டினான்.
டப்பென்று நின்றது.
கூட்டம் கைதட்டியது, எல்லோருக்கும் கை இருந்தது.
தோல் மட்டும் கீறிய அந்தச் சாசேஜை வாங்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
தொழில் பழக்கம்.
விலையைக் கேட்டேன்.
அது எங்கும் நிற்கவில்லை.

பாலம் தாண்டி சுப்பீரியரில் பழசு ஒன்று இருந்தது.
"ஒரே கை புழங்கியது" என்றார் ஃபோனில்
டெல்மர் க்விஸ்ட்.

நிலவறை. சாம்பல் நிறப் பெட்டி.
மேசைக்கு அன்றுதான் மெழுகு பூசியிருந்தார்.
ஐந்து சென்ட் காசு ஒன்றை விளிம்பில் நிறுத்தி
சுவிட்சைப் போட்டார், இடது கையால்.
மோட்டார் எழுந்தது. காசு அசையவில்லை.
"பார்த்தீர்களா?"
நான் காசைப் பார்க்கவில்லை.

பைக்குள்ளிருந்து அப்போதுதான் வெளியே வந்த
வலது கையில்
கட்டைவிரலுக்கு நுனி இல்லை.
சுட்டுவிரல் மடங்காது.
ஏழாவது தையல் கோணல்.

அந்தக் கோணல் எனக்குத் தெரியும்.
போன நவம்பர், மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை,
துப்பாக்கிக் காயங்களுக்கு நாங்கள் காத்திருந்த இரவில்
மரத்தூள் அப்பிய துண்டுக்குள் வந்த கை.
மணிக்கட்டைப் பிடித்திருந்தது நான்.
ஏழாவது தையலில் அவர் தும்மினார்.
முகக்கவசத்துக்கு மேலே என் கண்கள் தெரிந்திருக்கலாம்,
ஆனால் அவர் கூரையைப் பார்த்தபடி
மேப்பிள் பலகை விற்கும் விலையைத்
திட்டிக்கொண்டிருந்தார்.

"ரம்பத்தில் ஒரு குறையும் இல்லை.
மனைவிக்குத்தான் சத்தம் ஆகவில்லை."
"ஆமாம், சத்தம்தான்" என்றேன்.
ஆஸ்பத்திரியில் கேட்டது ஆஸ்பத்திரியோடு.

டேப்பை எடுத்து வேலியை அளந்தேன்.
பிளேடுக்கு முன்பக்கம் பன்னிரண்டு அங்குலம்.
பின்பக்கம் அரை நூல் குறைவு.
வேலியே பயிரை மேய்வது இப்படித்தான்:
பலகை இறுகும், பின்பற்கள் கவ்வும்,
தூக்கி உங்கள் நெஞ்சிலேயே எறியும்.
பலகை இருந்த இடத்துக்குக்
கை போகும்.

"பிளவுக்கத்தி எங்கே?"
"அதுவா..."
ஆணியில் மாட்டியிருந்ததை எட்டி எடுத்தார்.
பதினான்கு வருஷம்.
பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
"குறுக்கே நிற்கும்" என்றார்.
"அதற்குத்தானே" என்றேன்.

நான் கேட்காமலே நானூறு டாலர் குறைத்தார்.
ரசீதில் என் பெயரை இடது கையால் எழுத
நெடுநேரம் ஆயிற்று. மார்னி என்பதில்
ஓர் எழுத்து விட்டுப்போனது. திருத்தவில்லை.

ஞாயிறன்று நான்கு பேர், இரண்டு கயிறு,
ஓரினின் தம்பி வாயில் ஒரு நல்ல சொல்கூட இல்லை.
கார் இப்போது வெளியே, முழங்கால் பனியில்.
சாக்குக் கோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் உறையைக் கிழித்தேன்.
கத்தியை பிளேடுக்குப் பின்னால் பொருத்தி
வேலியை நேராக்கி
மேசையைத் துடைக்கும்போது
பள்ளத்தில் கிடந்தது அவருடைய காசு.
விளிம்பில் நிறுத்தினேன்.
சுவிட்சைத் தொடும் முன்பே விழுந்தது.

தரை சாய்வு; உருகும் பனி வெளியே ஓட
யாரோ யோசித்துக் கட்டியது.
இடது காலுக்கு ஓர் ஆப்பு வேண்டும்.
நாளை அறுக்கலாம்,
கைரம்பத்தால்.