பூஜ்யம் டிகிரி

உரிமம் வாங்கி எழுபத்தோரு நாள்.
பயம் போய்விட்டது என்று
நேற்று ரீக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.
காபியை ஊதிக்கொண்டே கேட்டாள்:
"எங்கே போச்சு?"

காலை ஐந்து மணி. கெமியார்விக்கு வடக்கே
இருட்டு இன்னும் ஐந்து மணி நேரத்துக்குக்
குத்தகை எடுத்திருக்கிறது.
ஏழு வீட்டுச் சாவிகள் என் பையில்.
ஏழு பேருக்கு மாத்திரை, காலுறை, கஞ்சி.
நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றவளை நம்பி
நகராட்சி ஒரு வெள்ளைக் கார் தந்திருக்கிறது.
பனியில் வெள்ளைக் கார்.
யார் யோசித்தார்களோ.

முதல் மாதம் நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை,
கழுத்தை நெரித்தேன்.
எல்லாமே ஆபத்தாகத் தெரிந்தது:
தபால் பெட்டி, நிலா, என் சொந்த வைப்பர்.
எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்
எதையும் பார்ப்பதில்லை என்று
அப்புறம்தான் புரிந்தது.

சாலையோரக் கம்பில் கட்டிய கறுப்புப் பிளாஸ்டிக் பை
குப்பை அல்ல.
மந்தைக்காரர் யாரோ எனக்கு எழுதிய கடிதம்:
என் மான்கள் இந்தப் பக்கம்தான், மெதுவா போ.
ஒரு துருவமான் கடந்துவிட்டால்
கால் பிரேக்கிலேயே இருக்கட்டும்;
அது தனியாக வந்த சரித்திரம் இல்லை.
மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தால்
அதன் வாலில் ஒரு வெண்புயல் வரும்.
நான்கு விநாடி கண் இல்லாமல் ஓட்ட வேண்டும்.
அந்த நான்கு விநாடியை
முன்கூட்டியே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.
அங்கேதான் சறுக்கல்.

இன்றைக்கு வெப்பமானியில் பூஜ்யம்.
மைனஸ் இருபத்தெட்டு நேர்மையானது.
பனி பனியாகவே இருக்கும்,
டயரின் ஆணிகள் கடித்துக்கொள்ளும்.
பூஜ்யம்தான் சிரித்துப் பேசும்.
மழை பெய்து ஓய்ந்த தெரு மாதிரி
சாலை மினுமினுக்கும்,
ஈரம்தானே என்று தோன்றும்.

நான் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
மற்றக் கை தெர்மாஸ் மூடியில்.
வாயில் ஏதோ ஒரு மெட்டு.
ஆறு நிமிடம் தாமதம்,
மூன்றாவது வீட்டில் லெம்பி கடிகாரத்தைப் பார்த்திருப்பாள்.
பாலத்துக்கு முன் வளைவில்
கார் என்னைக் கேட்காமல்
ஒரு சாண் நகர்ந்தது.

அவ்வளவுதான். ஒரு சாண்.
பிறகு தானாகவே நேராகிக்கொண்டது,
பஸ்ஸில் காலை மிதித்தவர்
மன்னிப்புக் கேட்காமல் தள்ளி நிற்பதுபோல.
ஆனால் ஸ்டீயரிங்கில் எடையே இல்லாத அந்தக் கணத்தில்
ஒன்று தெரிந்தது:
இத்தனை நாளும் சாலை எனக்கு விட்டுக்கொடுத்து வந்திருக்கிறது.
நான் அதை என் திறமை என்று
கணக்கெழுதியிருக்கிறேன்.

காலை எடுத்தேன். வேறெதையும் மிதிக்கவில்லை.
ஐம்பது.
நாற்பது.
பாலம் தாண்டி ஆளில்லாத நேர்ச்சாலையில்
கண்ணாடியில் இருட்டைத் தவிர யாருமில்லை என்று பார்த்து,
வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினேன்.
பெடல் பாதத்தடியில் தவளைபோல் துடித்தது.
ஓரத்துப் பனிக்கம்புகளை எண்ணினேன்.
மூன்று தாண்டித்தான் நின்றது.
நேற்று ஒன்று.
சரி. இன்றைய விலை மூன்று.

பின்னால் ஒருவன் வந்து விளக்கை அடித்தான்.
பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி வழி விட்டேன்.
அவனுடைய சிவப்புப் புள்ளிகள் மரங்களுக்குள் போயின.
அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.
பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.
அதுதானே நம்மைக் கெடுக்கிறது.

பதினாறு நிமிடத் தாமதம்.
லெம்பி கதவுச் சங்கிலியோடு நின்றபடி
"என்ன ஆச்சு?" என்றாள்.
ஒன்றும் ஆகவில்லை என்றேன்.
இவ்வளவு நேரம் அந்த வேலையைத்தான்
செய்துவிட்டு வருகிறேன் என்று
எப்படிச் சொல்ல?
குனிந்து காலுறையை மாட்டிவிட்டேன்.

இன்னும் நான்கு சாவிகள்.
கிளம்புமுன், எஞ்சினை அணைத்துவைத்து,
ரீக்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
கிடைத்துவிட்டது.
பாலத்துக்கு முன் வளைவில் இருந்தது.