எச்சம்

எங்களுக்கும் ஒரு கடல் இருந்தது.
நம்பாவிட்டால் என் சட்டையைப் பாருங்கள்,
பித்தான் தோறும் நங்கூரம்.
எவுசேபியோ கலிசாயா, பொலிவியக் கடற்படை.
பணியிடம், மலைமேல் ஓர் ஏரி.
கடல் மட்டத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் அடி.
கடலோடு எங்களுக்கு மிஞ்சிய உறவு
அந்த அளவுக்கணக்கு ஒன்றுதான்.

நடந்தது இவ்வளவே:
பாலைவனக் கரையில் பறவைகள் வந்து உட்கார்ந்தன.
உட்கார்ந்தவை சும்மா இருக்கவில்லை.
பல்லாயிரம் ஆண்டு எச்சம், குன்று குன்றாக.
தூர தேசத்து முள்ளங்கிகளுக்கு அது அமுதமாம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு கப்பல்கள் வரிசை கட்டின.
பக்கத்திலேயே வெடியுப்பு வேறு.
மூட்டைக்குப் பத்துக் காசு வரி கொடு என்றோம்.
பத்தே காசு!
அண்டை வீட்டுக்காரன்
பீரங்கியோடு பாக்கி தீர்க்க வந்தான்.

அன்று எங்களுக்குத் திருவிழா.
சாத்தான் முகமூடி மாட்டி ஆடிக்கொண்டிருந்தோம்.
போர்ச்செய்தி வந்ததாம்; ஆட்டம் முடியட்டும் என்று
பெரிய இடத்தில் யாரோ பையில் செருகினாராம்.
இப்படித்தான் சொல்கிறார்கள்.
ஆட்டம் முடிந்தது.
கடலும்.

அப்புறம், ஆற அமர,
எண்பது வருஷம் யோசித்துக்
கடற்படை அமைத்தோம்.

மார்ச் வந்தால் அணிவகுப்பு.
"திரும்புவோம்!" என்று தளபதி முழங்குவார்.
இடப்பக்கம் திரும்புவோம், வலப்பக்கம் திரும்புவோம்,
பிறகு பாசறைக்குத் திரும்புவோம்.
மாலுமி மனைவி சத்துர்னினா
ஏரிமீனைச் சப்பி
"உப்பு பத்தலை" என்பாள்.
வீட்டில் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஒப்பந்தம்.

நேற்று காவல் நிற்கையில்
ஒரு நாரை போல வெள்ளைப் பறவை, ஏரிக் கடற்காகம்,
என் தொப்பிமேல் மரபு காத்துவிட்டுப் போனது.
துடைத்துக்கொண்டேன்.
வரி கேட்கவில்லை.