கையிருப்பு

கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
இந்த அலமாரிக்கு மட்டும் இரண்டு பூட்டு.
ஒரு சாவி டாக்டரிடம்.
மற்றது என் ஸ்வெட்டர் பையில்,
இருமல் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு.

பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எண்.
தாளைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை மை கூடாது.
பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து
ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்;
அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும்.

மார்ஃபின், பத்து மில்லிகிராம்.
வரவு. பற்று. கையிருப்பு.

பூட்டைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
போன வருஷம் வலி மாத்திரையைக் கரைத்து
ஊசியில் ஏற்றிக்கொண்ட பையனை
வெளிநோயாளிகள் கழிவறைக் கதவை உடைத்துத் தூக்கினோம்.
கால்மாட்டைப் பிடித்தது நான்.
புது ஷூ. விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

கதிர்காமனுக்குத் தாடையில் புற்று.
சோலூர்மட்டத்துக்கு மேலே டான்டீ லயத்திலிருந்து
பதினான்கு நாளைக்கு ஒருமுறை வருவாள் சிவபாக்கியம்.
நாளுக்கு ஆறு, ஆக எண்பத்து நான்கு.
நான் எண்ணுவேன், அவள் எண்ணுவாள்,
இடது பெருவிரலை மையில் அழுத்துவாள்.
கார்த்திகையில் மண் சரிந்து பஸ் நின்றபோது
பதினாறாம் நாள்தான் வந்து சேர்ந்தாள்.
நடுவில் போன அந்த இரண்டு நாளை எழுத
பதிவேட்டில் கட்டம் இல்லை.

தை பிறந்து ஒரு புதன்கிழமை
கேட்காமலே சீட்டை நீட்டினாள்.
"முடிஞ்சிருச்சும்மா. மிச்சத்தைக் குடுக்கணும்னீங்களே."

மஞ்சள் பையிலிருந்து வெட்டிய அட்டைகள்.
ஒன்பது நாள் கொடுத்திருக்கிறாள், ஐம்பத்து நான்கு.
முப்பது இருக்க வேண்டும்.
இருபத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பது.

"ஒன்ன நான் போட்டுக்கிட்டேன்."
வலியா என்றேன்.
"இல்ல. இதைப் போட்டா அவரு மொகம்
கொஞ்சம் அவுந்து கெடக்கும்.
எங்க போயிட்டு வர்றாருன்னு பாக்கணும்னு இருந்துச்சு."
பார்த்தியா?
"வாந்திதான் வந்துச்சு.
அப்புறம் மத்தியானம் வரைக்கும் தூங்கிட்டேன்.
கொழுந்தெடுக்கப் போகல. ஒரு நாள் சம்பளம் போச்சு."

குறைவுக்குக் காரணம் எழுத
படிவத்தில் அரை வரி விட்டிருக்கிறார்கள்.
'இறுதி நாளில் கூடுதல் வேளை' என்றெழுதினேன்.
டாக்டர் படித்தார், என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தது அலமாரிக்குப் போகக் கூடாது.
சாட்சி வைத்து அழிக்க வேண்டும்.
குழவியில் பொடித்து
கேன்டீன் டீத்தூள் சக்கையில் பிசைந்தேன்.
அவள் போகாமல் நின்றாள்.

"எல்லாமா?"
எல்லாம்தான்.
"அடுத்த வீட்டு ராசதொரைக்கு முதுகுல வந்திருக்கு.
ராவெல்லாம் செவுத்தைக் குத்துறாரு.
சீட்டு இன்னும் ஆகல."

கையில் சக்கையோடு நின்றேன்.
வெளியே ஊட்டி பஸ் ரிவர்ஸ் எடுக்க
கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

கை கழுவினேன்.
புதுச் சீட்டு ஒன்றை எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா,
நடக்க முடியாட்டி ஜீப் அனுப்பச் சொல்றேன்.
பேர்?
"ராசதொரை."
அப்பா பேர்?
"ஆண்டியப்பன்."
வயசு?

"கப்பல்ல வந்தப்போ கைக்கொழந்தையாம்."

அந்தக் கட்டத்தை வெறுமனே விடக் கூடாது.
விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து
ஐம்பத்திரண்டு என்று எழுதினேன்.