மூவாயிரம் ஓசூருக்கு

உயரமானியில் ஏழாயிரம் அடி.
அதில் மூவாயிரம் ஓசூருக்குச் சொந்தம்,
மிச்சம் நாலாயிரம்தான் நம் கைச்செலவுக்கு
என்றாள் நஸ்ரின்.

என்னைவிட ஏழு வயது சின்னவள்.
உயரம் போதாமல்
முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை.
வாயில் சீரக மிட்டாய்.

விசையைக் குறைத்தேன்.
மூக்கை உயர்த்தினேன், இன்னும், இன்னும்.
திருவிழாவில் வாங்கிய பீப்பீ மாதிரி
இறக்கைக்குள்ளிருந்து ஏதோ அழத் தொடங்கியது.
இடது காலை முழுக்க அழுத்து என்றாள்.
அழுத்தினேன்.

வானம் கழன்றது.

ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள், வெள்ளை வெள்ளையாய்,
கெலவரப்பள்ளி அணை,
ஒரு கல்குவாரியின் திறந்த வாய்,
மறுபடி குடில், மறுபடி அணை, மறுபடி வாய்.

சிப்காட்டில் பதினொரு வருஷம்
லேத் முன்னால் நின்றவள் நான்.
சுழல்வது எனக்குப் புதிதில்லை.
ஆனால் அங்கே நான் நிற்பேன், இரும்பு சுழலும்.
கைக்கெட்டும் தூரத்தில்
சிவப்பாய் ஒரு பொத்தான் இருக்கும்.
இங்கேயும் தேடினேன்.
நிஜமாகவே தேடினேன்.

முதல் தடவை இழுத்தேன்.
விழுகிற எவரும் செய்வதைத்தான்:
தரையிலிருந்து விலக நினைத்து
கைப்பிடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன்.
சுற்று இன்னும் இறுகியது.
கன்ட்ரோல் என்கிட்ட, விடு, என்றாள்.
நான் விடவில்லை.
மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்,
பஸ்ஸில் உரசுகிறவனுக்கு வைப்பதுபோல.

திரும்ப மேலே ஏற எட்டு நிமிஷம்.
எட்டு நிமிஷமும்
அக்கா கல்யாணத்துக்கு
எத்தனை தேக்சா பிரியாணி என்று பேசிக்கொண்டு வந்தாள்.
பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும்,
உன் வலது கால் எங்கே இருக்கு, அதைச் சொல்.

இரண்டாம் தடவை தப்பான காலை மிதித்தேன்.
அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மூன்றாவது.
விசை பூஜ்யம்.
கைப்பிடி நடுவில்.
வலது கால், முட்டி நடுங்க நடுங்க, முழுக்க.
அப்புறம் அந்தக் காரியம்:
விழுந்துகொண்டிருக்கும்போதே
மூக்கைத் தரைக்குக் கொடுப்பது.
வட்டிக்காரன் தட்டும் கதவை நாமே திறந்து
வாங்க, உட்காருங்க என்பதுபோல.

அணை நின்றது.
அவ்வளவுதான்.
இருந்த இடத்திலேயே, ஓரத்தில் நுரையோடு,
எப்போதும் நின்றதுபோல் நின்றது.
காலை எடு, காலை எடு என்று அவள் கத்தியது
பிறகுதான் காதில் விழுந்தது.
மெல்ல நிமிர்த்தினேன்.
கன்னங்கள் கனத்தன.
ஐயாயிரத்து நானூறு.
ஓசூரின் பங்கில் ஓர் அடிகூடத் தொடவில்லை.

நஸ்ரின் ஒரு மிட்டாய் நீட்டினாள்.
வாங்க விரல் பிரியவில்லை.
அவளே வாயில் போட்டாள்.

சாயங்காலம் தளி ரோட்டில்
தக்காளி லாரிக்குப் பின்னால்
ஸ்கூட்டரில் நின்றேன்.
பச்சை விழுந்தது. லாரி போய்விட்டது.
பின்னால் ஹாரன், வசவு.
குனிந்து பார்த்தேன்:
வலது கால், செருப்போடு,
ஸ்கூட்டர் தட்டை
இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.